உளி படாத இடம்

ஜப்பான் தேசத்தில் ஹிடெமோரி என்று ஒரு சிற்றரசர். அவர் சபையில் டொன்சாய் என்று ஒரு விகடக்காரர். "என்னைப் போல ஒரு சோம்பேறி எந்தத் தீவிலும் கிடையாது" என்று தானே சொல்லிக்கொள்வார். அதில் அவருக்குப் பெருமை வேறு!

நெசவுதான் அந்த நாட்டுக்குச் சோறு. அதனால் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. அரண்மனையில் சாப்பிடும் ஒவ்வொருவரும் நெசவில் ஒரு வேலை செய்வதுபோல் படம் வேண்டும். அதை மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி, ஊரெல்லாம் கொடுக்க வேண்டும்.

"தெரியாத வேலையைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. படத்தில் இல்லாதவருக்கு அரண்மனையிலும் இடமில்லை" என்றார் அரசர்.

அமைச்சர் கன்சுகே ஒரே நாளில் பட்டுநூல் சுற்றக் கற்றுக்கொண்டார். சேனாபதி சாயத்துணி பிழிந்தார். டொன்சாயோ நூல் சுற்றப் போய், நூலோடு தானும் சிக்கிக்கொண்டார். சாயத்தொட்டியில் கைவிட்டார், துணியைத் தவிர எல்லாம் நீலமானது, அவர் மூக்கு உட்பட. தறியில் உட்கார்ந்தார், தூங்கிப்போனார்.

விழித்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இந்த வயதில் இனி யார் சோறு போடுவார்கள்?

கன்சுகேவுக்கு நெடுநாளாக அவரைக் கண்டாலே ஆகாது. சபையிலேயே செதுக்குபவரைக் கூப்பிட்டார். "மசாகி! பலகையில் என் படத்துக்குப் பக்கத்தில் இவருக்கென்று விட்ட இடத்தில் ஓர் உளிக்கீறல்கூட விழக்கூடாது!"

டொன்சாயின் முகம் மலர்ந்தது. வேலைவெட்டி இல்லாமல் அவர் பாதி நாள் உட்கார்ந்திருந்தது மசாகியின் பட்டறையில்தானே! "அமைச்சர் சொன்னபடியே செய்யுங்கள், மசாகி. ஒரு கீறல்கூட வேண்டாம்" என்றார் பணிவாக.

படம் வந்தது. நடுவில் அட்டக்கரியாக ஒரு பெரிய திட்டு! அதன் மை கசிந்து அமைச்சரின் பாதி முகத்தைக் காணோம்.

"என்னய்யா இது?" என்று அரசர் கத்தினார்.

மசாகி பலகையை எடுத்துக் காட்டினார். "பிரபுவே, உளி படாத மரம் மையைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக விடவேண்டுமென்றால் அந்த இடம் முழுக்கச் செதுக்கி எடுக்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய வேலை அதுதான்."

டொன்சாய் குனிந்து வணங்கினார். "கேட்டீர்களா, பிரபுவே? ஒன்றுமில்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? நடுவில் ஒன்றுமில்லாத இடம் இருந்தால்தான் வேலை செய்பவர்கள் கண்ணுக்கே தெரிகிறார்கள். அந்த இடமாக என்னை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "மசாகி, அந்த இடத்தைச் சுத்தமாகச் செதுக்கி எடு. அதுதான் டொன்சாய்!"

புதிய படத்தின் முதல் பிரதியும் ஒரு பட்டு அங்கியும் டொன்சாய்க்கே கிடைத்தன. அவர் அந்த வெற்றிடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அச்சு அசல் நானேதான்! தொப்பையைத்தான் மசாகி கொஞ்சம் பெரிதாகக் காட்டிவிட்டார்" என்றார்.