கீரிக்கு இங்கிலீஷ் சொன்ன வாத்து

ஒரு பெரிய ஏரியின் ஓரத்தில், கோரைப் புல்லுக்குள் ஒரு தாழைக்கோழி கூடு கட்டிக் குடியிருந்தது. அதன் பெயர் அஞ்சலை. அதற்கு நாலு குஞ்சுகள்.

ஏரியின் நடுவில் ஒரு மண்திட்டு இருந்தது. அதன்மேல் ரெண்டு கருவேல மரங்கள். அந்த நிழலில்தான் வாத்துகள் தங்கள் குஞ்சுகளை எல்லாம் ஒன்றாக விட்டிருந்தன. தினமும் ஒரு தாய் காவல் இருக்கும். மற்ற தாய்கள் நிம்மதியாக இரை தேடப் போகும். மறுநாள் இன்னொரு தாயின் முறை.

அஞ்சலைக்கு அந்த நிம்மதி இல்லை. குஞ்சுகளைத் தனியே விட்டுப் போகப் பயம். கூடவே கூட்டிப் போனால் அவை நீந்திக் களைத்துவிடும். அதனால் கூட்டைச் சுற்றிப் பத்து முழத்துக்குள் கிடைத்ததைத்தான் கொத்தும். அது எத்தனை வயிற்றுக்குப் போதும்? குஞ்சுகள் பூசணி விதை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தன. கடைக்குட்டிக்குக் கழுத்தே நிற்கவில்லை. திட்டில் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்று அஞ்சலை நினைத்தது.

ஒரு நாள் கொழுத்த நத்தைகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு தாமரை இலையில் வைத்துத் தள்ளிக்கொண்டே திட்டுக்குப் போனது. வெட்கம் வேறு. வழியில் மூன்று தடவை நின்று, என்ன பேசவேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

திட்டில் புனிதா வாத்து வைத்ததுதான் சட்டம். புனிதாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். படகுத் துறையில் பொரி பொறுக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டது. அங்கே ஒரு டவுன் அம்மா படகில் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு குடும்பம் ஏற வந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சாரி, ஆல்ரெடி ஃபுல். நெக்ஸ்ட் டைம் ஷ்யூர்," என்றார். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். படகோ பாதி காலியாகத்தான் கிளம்பியது. புனிதா அசந்துவிட்டது. சண்டை இல்லை, கெட்ட பேர் இல்லை, வேண்டாதவர்கள் தாங்களாகவே போய்விட்டார்கள்! அன்றைக்கே அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டது.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னது. தன் முறை வந்தால் காவல் இருப்பதாகவும், வேண்டுமானால் மற்றவர்களுக்கு ஒரு நாள் என்றால் தான் ரெண்டு நாள் இருப்பதாகவும் சொன்னது. புனிதா நத்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுக் கழுத்தை ஒயிலாக வளைத்தது.

"டோன்ட் மிஸ்டேக் மீ அக்கா. சாரி, ஆல்ரெடி ஃபுல். நெக்ஸ்ட் டைம் ஷ்யூர்!"

அஞ்சலைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் குரல் தேனாக இருந்தது. அக்கா என்று வேறு கூப்பிட்டார்கள். நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று சந்தோஷமாகத் திரும்பியது. சீக்கிரமே கூப்பிடுவார்கள் என்று குஞ்சுகளிடம் சொல்லி, முகம் கழுவிவிட்டு வரிசையாக உட்கார வைத்தது.

ஒரு வாரம் போயிற்று. யாரும் கூப்பிடவில்லை. அஞ்சலை மறுபடி நத்தையோடு போனது. மறுபடி அதே தேன், அதே வார்த்தைகள்.

பிறகு ஒரு நாள், ஏரிக்குப் புதிதாக வந்த சிந்தாமணி என்ற முக்குளிப்பான், முதுகில் ரெண்டு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு கோரைப் பக்கம் நீந்தி வந்தது. அஞ்சலை நலம் விசாரித்து, எங்கே குடியிருப்பு என்று கேட்டது.

"திட்டுலதான் அக்கா, நேத்துதான் சேர்ந்தேன். நான் கேக்கவே இல்ல. புனிதாக்காவே வெல்கம் வெல்கம்னு கூப்பிட்டாங்க."

என்னிடம் மட்டும் வேறு என்னமோ சொன்னார்களே என்று அஞ்சலை அந்த வார்த்தைகளைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் காட்டியது. சிந்தாமணி சிரித்துவிட்டது.

"ஐயோ, அதுவா? ஒருத்தர் வேணாம்னா அப்படிச் சொல்லணுமாம். எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. இடமா இல்ல? இன்னும் பத்துக் குடும்பம் தாராளமா படுக்கலாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அதற்கு உறைத்தது. சட்டென்று தண்ணீருக்குள் முங்கி, ரொம்ப தூரம் தள்ளிப் போய் எழுந்தது.

அன்றிலிருந்து அஞ்சலைக்கு இரை இறங்கவில்லை. கோரை இடுக்கில் நின்றுகொண்டு நாள் முழுக்கத் திட்டையே பார்த்தது. சிந்தாமணியின் குஞ்சுகள் நிழலில் உருண்டு விளையாடினால் இதற்கு வயிறு எரிந்தது. வாத்துகள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. அவர்களுக்கெல்லாம் நீந்துகிற கால், விரலுக்கு விரல் சவ்வு, தன் காலில் அது இல்லை, அதனால்தான் இந்தத் திமிர் என்று நினைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி பசியோடு வந்து காலடியில் நின்றது.

"இந்தக் குச்சிக் காலை வச்சுக்கிட்டு நின்னா யாருடி உன்னைச் சேர்ப்பாங்க?" என்று அஞ்சலை அதன் தலையில் ஒரு கொத்து கொத்தியது.

குஞ்சு அழவில்லை. தன் காலை ஓர் இலைக்கு அடியில் மறைத்துக்கொண்டது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஏரி வற்றியது. கரைக்கும் திட்டுக்கும் நடுவில் சேறு காய்ந்து, நடந்தே போகலாம் என்கிற மாதிரி ஒரு தடம் விழுந்தது. வாத்துகள் எப்போதும் மறுபக்கம் நீந்தியே போய் வந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கோரைப் பக்கம் இருந்த அஞ்சலைக்கு மட்டும் அது தெரிந்தது.

ஒரு நடுப்பகலில் அந்தத் தடத்தில் ஒரு கீரி இறங்கியது.

அஞ்சலை பார்த்துவிட்டது. தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அழுத்திக்கொண்டு கத்த வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. 'நம்மை வேண்டாம் என்றவர்கள்தானே? ஒரு நாளாவது அழட்டும். அப்போதுதான் தெரியும்.' வாயை மூடிக்கொண்டது.

அன்று காவல் புனிதாவின் முறை. மற்ற தாய்கள் எல்லாம் தூரத்தில் இருந்தன. கீரி திட்டில் ஏறி எதிரே வந்து நின்றதும் புனிதாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வேண்டாதவர் வந்தால் சொல்வதற்கு அதற்கு ஒன்றுதான் பழக்கம். இதுவரை அதைக் கேட்டுத் திரும்பிப் போகாதவர் யாரும் இல்லை.

"சாரி, ஆல்ரெடி ஃபுல். நெக்ஸ்ட் டைம் ஷ்யூர்," என்றது.

கீரி நிழல் முழுக்கக் கிடந்த குஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தது.

"ஆமா, ஃபுல்லாத்தான் இருக்கு," என்று நாக்கைச் சுழற்றியது. "அதனாலதானே வந்தேன்."

ஒரே பாய்ச்சல். புனிதாவின் சொந்தக் குஞ்சு ஒன்று அதன் வாயில் கீச்சென்று அலறியது.

அந்த அலறல் அஞ்சலையின் காதில் தன் கடைக்குட்டியின் குரலாகவே விழுந்தது. அடுத்த நொடி அதன் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"குர்ருக்! தண்ணிக்குள்ள! எல்லாரும் தண்ணிக்குள்ள ஓடுங்க!"

அந்தச் சத்தம் எந்தப் பறவைக் குஞ்சுக்கும் புரியும். அத்தனை குஞ்சுகளும் தொபுதொபு என்று தண்ணீரில் விழுந்து ஆழத்துக்கு நீந்தின. கீரி கவ்வியதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த தடத்திலேயே போய்விட்டது.

சாயங்காலம் புனிதா கோரைக்கு வந்தது. இங்கிலீஷ் எதுவும் இல்லை.

"வந்துருங்க அக்கா. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. நீங்க கத்தலைன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

எத்தனையோ நாள் ஏங்கிய வார்த்தை. இப்போது அது முள்ளாக இறங்கியது. அஞ்சலை சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கு மனம் வரவில்லை.

"நான் முன்னாடியே பார்த்தேன்," என்றது. "கீரி கரையில இறங்கும்போதே பார்த்தேன். வயித்தெரிச்சல்ல வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

புனிதா அலகை உயர்த்தியது. கொத்திவிடும் என்று அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டது. கொத்து விழவில்லை.

"அன்னைக்கே உங்களைச் சேர்த்திருந்தா, பார்த்ததும் கத்தியிருப்பீங்கல்ல?" என்று புனிதா மெல்லக் கேட்டது.

அஞ்சலை ஆமாம் என்று தலையசைத்தது.

மறுநாள் விடிந்ததும் அஞ்சலை நாலு குஞ்சுகளோடு திட்டுக்குப் போனது. புனிதா ஒதுங்கி இடம் விட்டது. புனிதாவின் குஞ்சுகளுக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை மட்டும் ரெண்டு தாய்களாலும் பார்க்க முடியவில்லை.

சிரித்த முகத்தோடு தள்ளி வைத்தாலும் அது தள்ளி வைத்ததுதான். தள்ளியவரின் சாமர்த்தியமும் தள்ளப்பட்டவரின் பொறாமையும் சேர்ந்து பலி வாங்குவது, ஒரு பாவமும் அறியாத பிள்ளையைத்தான்.