கலவாய் மதினி வாயில் வாங்கிய நண்டு

நண்டின் ஓட்டைப் பெருவிரலால் நெம்பி எடுத்து ஒரு பக்கம் போடுகிறேன். கால்களையெல்லாம் பிய்த்துவிட்டு, உடம்பை அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்தால் தூண்டிலுக்கு இரை தயார். ஒரு சட்டி நிறைய வேண்டும். கை அதன் வேலையைப் பார்க்கட்டும், இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. கேட்டபடி சொல்கிறேன்.

அந்தக் காலத்தில், கடலுக்குள் இருந்த எல்லாமே பேசிக்கொண்டிருந்தபோது, எந்த மீனும் நண்டைத் தின்னாது. தின்ன முடியும் என்றே அதுகளுக்குத் தெரியாது. நண்டு என்றால் வெளியேயும் கல், உள்ளேயும் கல் என்று நினைத்திருந்தன.

நண்டுகளும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. உடம்பு பெருத்து ஓடு இறுக்கினால் நண்டு மணலுக்குள் புதைந்துகொண்டு ஓட்டைக் கழற்றும். புது ஓடு காய்கிறவரைக்கும் உடம்பு பிசைந்த மாவு மாதிரி இருக்கும். கழற்றிய ஓட்டைப் புதைத்துவிட வேண்டும். காய்கிறவரை வெளியே தலை காட்டக் கூடாது. நண்டு வீட்டில் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒருத்தி தப்பு செய்தாலும் மொத்த வம்சத்துக்கும் ஆபத்து.

கடலுக்குள் இருக்கிற பாறைத்திட்டை நாங்கள் பார் என்போம். ஒரு பாரில் ஒரு கலவாய் மீனும் ஒரு பெண் நண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. கலவாய்க்குப் பெரிய பொந்து, நண்டுக்குச் சின்ன இடுக்கு. நண்டு கலவாயை மதினி என்று கூப்பிடும். மீனுக்கு ஏது கை? அதனால் கலவாய் யாரைக் கட்டிப்பிடித்தாலும் வாயால்தான். காலையில் நண்டை அப்படியே வாயில் வாங்கி, ஒரு தரம் உருட்டிவிட்டுக் கீழே விடும்.

"எச்சில் பண்ணாதீங்க மதினி," என்று நண்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளும்.

"போடி. உன்னைக் கடிச்சா என் பல்லுதான் போகும்."

இந்த நண்டுக்கு வாய் ஜாஸ்தி. யார் என்ன சொன்னாலும் ஒரு பதில் கொடுக்காமல் போகாது.

ஒரு வாடைக்காலத்தில் நீரோட்டம் வந்து பாரைச் சுற்றி இருந்த மணலையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து நண்டுக்கு ஓடு இறுக்கியது. புதைய மணல் இல்லை.

"மதினி, எனக்கு உடம்புக்கு முடியலை. உங்க பொந்துல கொஞ்ச நாள் படுத்துக்கிறேன். நீங்க உள்ளே வரக் கூடாது, என்ன ஏதுன்னு கேட்கவும் கூடாது."

"அப்படி என்னடி சீக்கு? சரி, கேட்கலை. இரு. நான் வெளியே இருந்துக்கிறேன்."

நண்டு உள்ளே போய் ஓட்டைக் கழற்றியது. கழற்றிய ஓட்டை எங்கே புதைப்பது? சுற்றிலும் பாறை. கண், கொடுக்கு, கால் எல்லாம் அப்படியே இருந்ததால், அதையே பொந்து வாசலில் காவலுக்கு உட்கார்த்தி வைத்தது. பார்க்கிறவர்கள் நண்டுதான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பொழுது சாய கலவாய் வந்தது. "எந்திரிச்சிட்டியா? இப்ப எப்படி இருக்கு?"

ஓடு என்ன பேசும்?

"ஏண்டி, வீட்டையும் கொடுத்துட்டு வாசல்ல நின்னு கெஞ்சணுமா நான்?" என்று வாலால் ஒரு தட்டுத் தட்டியது. ஓடு கவிழ்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஐயோ, போயிட்டியேடி! உடம்பெல்லாம் கரைஞ்சு போச்சே!"

அழுகைச் சத்தம் கேட்டுப் பாரில் இருந்த மீனெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தன. உள்ளே நண்டுக்குக் கலவாய் அழுவது கேட்டது. பாவமாக இருந்தாலும் அசையாமல் கிடந்தது.

துக்க வீடென்றால் பேச்சு வரத்தானே செய்யும்.

"நல்லவதான். வாய்தான் கொஞ்சம்," என்றது ஓரா மீன்.

"கொஞ்சமா? என் வாலைக் கிள்ளி வச்சது யாரு?" என்றது கிளிமீன்.

"செத்தவளைப் பேசாதீங்க," என்றது திருக்கை. "ஆனா அந்த நடை இருக்கே! நேரா ஒரு எட்டு வைக்கத் தெரிஞ்சுதா அவளுக்கு?"

நண்டு பொறுத்துக்கொண்டது. இதற்கெல்லாம் ஓடு காய்ந்தபிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கிளிமீன் விடவில்லை. "மதினி மதினின்னு ஒட்டிக்கிட்டது எதுக்குங்கறீங்க? இந்தப் பொந்துக்குத்தான். பாசமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"யாருடி அதைச் சொன்னது?" என்று நண்டு வெளியே வந்துவிட்டது.

ஓடு இல்லாமல், வெளுத்துப்போய், நிற்க முடியாமல் ஆடிக்கொண்டு நின்றது. மற்ற மீனெல்லாம் அதன் உடம்பைப் பார்த்தன. கலவாய் அதைப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்பதை மட்டும்தான் பார்த்தது. "இருக்கியாடி!" என்று பாய்ந்துபோய், எப்போதும்போல வாயில் வாங்கி, ஒரு தரம் உருட்டியது.

"மதினி, விடுங்க," என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

விடத்தான் நினைத்தது கலவாய். ஆனால் சாறு தொண்டையில் இறங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை.

பிறகு கிளிமீன்தான் கேட்டது: "எப்படி இருந்துச்சு?"

கலவாய் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டது. "இனிப்பா இருந்துச்சு," என்றது.

மீன்கள் ஒவ்வொன்றாக அந்தப் பாரின் இடுக்குகளைத் திரும்பிப் பார்த்தன.

வாசலில் கவிழ்ந்து கிடந்த ஓடு மிதந்து மேலே வந்தது. அங்கே ஆண்டிச்சாமி என்று ஒருவர் கட்டுமரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் சோற்று உருண்டைதான் இரை. பாதி நாள் வெறுங்கையோடு போய் மனைவி செவத்தியிடம் பேச்சு வாங்குவார். ஓட்டை எடுத்தார், கனமே இல்லை. கீழே பார்த்தால் மீனெல்லாம் இடுக்கு இடுக்காக நண்டு தேடிக்கொண்டிருக்கின்றன. மறுநாள் கரையில் ஒரு நண்டைப் பிடித்து முழுசாகத் தூண்டிலில் குத்தி இறக்கினார். மீன்கள் வந்தன, ஓட்டை முட்டிப் பார்த்தன, போய்விட்டன.

"வெறும் ஓடுதானே மேலே வந்துச்சு? அப்ப உள்ளே இருக்கிறதைத்தானே தின்னிருக்கு," என்றாள் செவத்தி. "ஓட்டைப் பிச்சுட்டுக் குத்திப் பாரும். இதையும் நானா சொல்லணும்?"

ஓட்டைப் பிய்த்துக் குத்தினார். கயிறு கையை அறுக்கிற மாதிரி இழுத்தது. ஏறி வந்தது அந்தக் கலவாய்தான் என்று சிலர் சொல்வார்கள். வேறு கலவாய் என்றும் சொல்வார்கள்.

அன்று முதல்தான் நண்டை ஓடு பிய்த்துத் தூண்டிலுக்கு இரையாகக் குத்துகிறோம். கலவாய் மட்டும் இன்றைக்கும் அதை ஒரேயடியாக விழுங்காது. மெதுவாக வாயில் வாங்கி, ஒரு தரம் உருட்டிவிட்டு விட்டுவிடும். கயிறு லேசாகத் துடிக்கும். அப்போது இழுத்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அது மதினி நலம் விசாரிக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் திரும்பவும் ஒரு இழுப்பு வரும்.

"ஏ புள்ள! இரைச்சட்டி எங்கே? வள்ளத்தைத் தள்ளியாச்சு!" என்று கரையிலிருந்து அவர் கூப்பிடுகிறார்.

இந்தா, கொண்டு வந்துட்டேன். அந்த இரண்டாவது இழுப்பு வருகிறதே, அது அந்த இனிப்புக்கு.