எருமைச் சுவர்

தணிகாசலத்துக்கு அறுபது வயது. அவருடைய குரு பெனசீருக்கு முப்பத்திரண்டு. போட்டோ எடுக்கக் கற்றுத் தருகிறவள். "இந்த வயசுல கேமரா கிளாஸா?" என்று சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவருக்குக் காரணம் இருந்தது.

மனைவி ஜெகதா போய் மூன்று வருஷம். போனை நீட்டினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். வீட்டிலிருந்த பழைய படங்களெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண குரூப் போட்டோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார். அதிலும் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"அதுக்கென்ன, தொறந்துடலாம்" என்று ஸ்டுடியோக்காரன் வேறு யாருடைய கண்ணையோ எடுத்து ஒட்டிவிட்டான். கூடவே பட்டுப்புடவை, நெக்லஸ், பின்னால் நீல வானம். நேரமாகிவிட்டதே என்று அதற்கே மாலையும் போட்டாயிற்று. தினமும் அந்தக் கண்ணைப் பார்த்து விளக்கேற்றி, கடைசியில் அவளுடைய சொந்த முகம் மறந்தே போனது. பாவி மனசு! கண்ணை மூடினால் அந்த நீல வானம்தான் வருகிறது. எப்படியாவது படத்தைத் திருத்திவிடலாம் என்றுதான் மனுஷன் வகுப்பில் சேர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனசீர் அவரைப் புகைப்படக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். அது முடிந்ததும் தெருத்தெருவாகச் சுவரோவியம் பார்ப்பதாகத் திட்டம். கண்காட்சியிலேயே ஒரு படத்துக்கு முன்னால் தணிகாசலம் நின்றுவிட்டார்.

"டீச்சர், இங்க வாங்க. இது என் சம்சாரம்."

படத்தில் ஒரு தெரு. ஓவியம் தீட்டிய சுவரின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"முதுகுதானே சார் தெரியுது?"

"அவ முதுகு எனக்குத் தெரியாதா? தையல் கம்பெனிலேர்ந்து இஞ்ச் டேப்பக் கழுத்துல போட்டுக்கிட்டே வந்துடுவா. ஒரு செருப்பக் கழட்டிட்டு, அந்தக் கால எடுத்து மத்த கால்மேல வச்சுக்கிட்டு நிப்பா. பாருங்க! அவளேதான்."

பெனசீர் பார்த்தாள். கழற்றிய செருப்பு ஒன்று தரையில் கிடந்தது.

"கொஞ்சம் திரும்பியிருக்கக் கூடாதா இவ?" அவர் பெனசீர் பக்கம் திரும்பினார். "எடுத்தவருகிட்டக் கேளுங்க டீச்சர். அடுத்த படத்துல திரும்பியிருப்பா. எனக்கு அந்த முகம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவள் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தாள். "இது ஒண்ணுதான் எடுத்தாராம் சார்."

தணிகாசலம் படத்தின் கண்ணாடிமேல் கையை வைத்தார். "தொடாதீங்க சார்" என்றார் காவலாளி. கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

பெனசீர் படத்தின் கீழே போட்டிருந்த தெருப் பெயரைப் படித்தாள். படத்தில் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

"சாயங்கால வெயில். அஞ்சு மணி இருக்கும். வாங்க, போலாம்."

"எங்க டீச்சர்?"

"அவங்க நின்ன எடத்துக்கு."

ஆட்டோவில் அவர் தானாகவே சொன்னார். "தெனம் லேட்டாத்தான் வருவா. எங்க நின்னுட்டு வர்றேன்னு கத்துவேன். ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல."

அந்தச் சுவர் இரண்டு மாடி உயரம். சுவர் முழுக்க ஒரே ஒரு எருமை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் நிஜமான ஜன்னல், சாத்தியிருந்தது.

"அடக் கடவுளே! எருமையப் பாக்கவா நின்னா?"

"அவங்க நின்ன மாதிரியே நில்லுங்க சார்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நின்றார். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இருங்க பெரியவரே, வருஷக்கணக்கா தெனம் இந்நேரத்துக்குத்தான் தொறக்கும்" என்றார்.

ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை, ஈரமான சிவப்புத் துண்டை வெளியே தொங்கவிட்டது. எருமை தெருவுக்கே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கீழே போனில் யாரிடமோ அதட்டிக்கொண்டிருந்த ஒருவர் தலையில் தண்ணீர் சொட்டியது. "இங்க மழை வருதுடா" என்று அவர் போனிலேயே சொன்னார்.

தணிகாசலத்துக்கு முதலில் மூக்கால்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு குலுங்கியது. "அடிப்பாவி, இதுக்கா? இதுக்காடி தெனம் நின்ன?" என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. மூன்று வருஷத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெனசீர் அவருக்கு எதிரே, சுவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கேமரா பைக்குள் இருந்தது.

"டீச்சர், எடுத்தீங்களா? அந்த நாக்கு!"

"நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல சார்."

"பின்ன எதத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"நீங்க கேட்டீங்களே, அந்த முகத்தத்தான்."