எதிரி இல்லாத எரிச்சல்

ஆற்றங்கரை மடத்தில் சமையல் சங்கரநயினாருடையது. வயது அறுபத்தெட்டு. மடத்துத் தலைவி தவமணி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். துறவு பூணும் முன் மருத்துவம் படித்தவர். நயினார் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

கொஞ்ச காலமாக நயினாரின் விரல் மூட்டுகள் வீங்கி எரிந்தன. அன்று கரண்டியே கையிலிருந்து நழுவிவிட்டது. அம்மை முன் போய் உட்கார்ந்தார்.

"காயம் இல்லை, கிருமியும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் யாரை எதிர்த்து அம்மா இந்த உடம்பு எரியுது? சோறு போடுற கையையே பறிகொடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

அம்மை அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

பின்கட்டில் மடத்து நாய் குரைத்தது. சாமான் அறைக் கதவைப் பார்த்து அது பல நாளாகக் குரைத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் கும்பிட வந்த ஒரு பெண்ணைக் கடித்தும்விட்டது. நயினாருக்குப் பொறுக்கவில்லை. விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கட்டையைக் கீழே போடுங்க, நயினார்."

போட்டார்.

"இன்னைக்கு ராத்திரி யாருக்கும் சாப்பாடு வேண்டாம். அடுப்பை அணைச்சுடுங்க."

நயினாருக்குச் சுருக்கென்றது. அவர் வந்த நாளிலிருந்து அந்த அடுப்பு அணைந்ததில்லை. அதுதான் அவர் பெருமை. இருந்தும் தண்ணீர் தெளித்து அணைத்தார்.

சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். சாமான் அறையைத் திறந்தார். நாற்றம் முகத்தில் அடித்தது. மக்கிய சாக்குகள், ஓட்டைப் பித்தளை அண்டா, கால் உடைந்த பலகைகள், பூசணம் பிடித்த புண்ணாக்கு, நடுவே எலிகள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளியது அவர்தான். பார்க்கத்தான் நேரம் வரவில்லை.

அம்மையும் வந்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டார். எலிகள் சிதறி ஓடின. மக்கியதெல்லாம் எருக்குழிக்குப் போயிற்று. உருக்கி வார்க்கப் பித்தளையைத் தனியே வைத்தார்கள். உடைந்த பலகைகளில் நல்ல கட்டைகளைப் பொறுக்கி நயினார் உட்கார ஒரு மணை அடித்தார். இருட்டுமுன் அறை காலியாகிவிட்டது.

நாய் உள்ளே போய் மூலை மூலையாக மோந்து பார்த்தது. பிறகு வந்து வாசலில் படுத்துக்கொண்டது.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த வேலை நடக்குது," என்றார் அம்மை. "உடைஞ்சதைப் பிரிச்சு, உதவுறதை மறுபடி எடுத்துக்கும். வெளியிலிருந்து சாப்பாடு வராதப்போ இன்னும் முனைஞ்சு செய்யும். வயசாக ஆக அந்த வேலை மந்தமாகுது. குப்பை தங்கிடுது. உடம்புக்குக் காவலா இருக்கிற எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்து, யாரோ அந்நியன் புகுந்துட்டான்னு நினைச்சுக்கிட்டு, நம்ம நாய் மாதிரி சொந்த மூட்டையே கடிக்குது."

நயினார் விரல்களை மடக்கிப் பார்த்தார். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

"இது தெரியாம, தினமும் இந்தக் கையைச் சபிச்சுக்கிட்டே கிடந்தேன் அம்மா. இனிமே ராத்திரி அடுப்பு மூட்டாம இருந்தா குணமாயிடுமா?"

"அதை என்னால சொல்ல முடியாது, நயினார். சபிக்கிறதை இன்னைக்கே விடலாம்."