பெயர் கேட்காத வீடு

மாதம் மும்மாரி பெய்த ஒரு காலத்தில், செங்கழுநீர் நாட்டைக் கீர்த்திவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. கோவில் கட்டினான், தேர் செய்தான், ஆயிரம் குடம் பால் ஊற்றினான். அப்படியும் சாமி பக்கத்தில் இருப்பதாக ஒரு நாளும் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு காலியாகவே இருந்தது. ஒரு நாள் சபையில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டான்.

வாசல் அதிகாரி கோதண்டராயருக்கு அமைச்சர் சாந்தலிங்கத்தைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார். "மகாராஜா, நம் அமைச்சருக்குத் தெரியாததா? சாமியைக் காட்டச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. "பௌர்ணமிக்குள் காட்டும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கோதண்டராயரிடம் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போய்விடும்."

பௌர்ணமிக்கு ஐந்தே நாள். அமைச்சருக்கு நாலு பெண்பிள்ளைகள். அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் முகத்தில் காட்டாமல், "சாமி அரண்மனைக்கு வரமாட்டார் மகாராஜா" என்றார்.

"ஏன் வரமாட்டார்?"

"வாசலில் கோதண்டராயர் நிற்கிறாரே! பேர் என்ன, ஊர் என்ன, யார் கொடுத்த ஓலை என்று கேட்பார். சாமிக்கு யார் ஓலை கொடுப்பது? பேர் கேட்காத வீடாகப் பார்த்துத்தான் அவர் போவார்."

சபையே சிரித்தது. கோதண்டராயருக்கு முகம் சிவந்துபோனது. 'பேர் கேட்காத வீடு ஒன்றுகூட இந்த ஊரில் இல்லாமல் செய்கிறேன்' என்று கறுவிக்கொண்டு அன்று சாயங்காலமே தண்டோரா போடச் சொன்னார். பேரும் ஊரும் கேட்காமல் அசலாருக்குச் சோறு போட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்களாம்.

பௌர்ணமி அன்று காலையில் அமைச்சர் ராஜாவின் காதோடு காதாகச் சொன்னார். "யாருக்கும் தெரியாமல் ஒரு பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு உப்பு வாணியர் தெருவுக்குப் போங்கள். பசிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

ராஜா போனான். ஏழெட்டு வீட்டில் தட்டினான். கதவு திறக்கும், "பேர் என்ன?" என்பார்கள், இவன் விழிப்பான், கதவு சாத்திக்கொள்ளும். ஊரெல்லாம் தன்னுடையது என்று நினைத்திருந்தவனுக்கு உட்கார ஓர் இடம் இல்லை. வெயிலில் தொண்டை வறண்டது.

கடைசி வீடு, உப்பு விற்கும் பூவாயியின் வீடு. அவள் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். "அடடா, வேர்த்து ஊத்துதே! உள்ள வாங்கண்ணே" என்றாள்.

உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நிமிர்ந்து பார்த்தான். தன் இலையைச் சற்றே தள்ளிப் போட்டு இடம் விட்டான். கம்பஞ்சோறும் கீரைக் குழம்பும்தான். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். சட்டியில் மீதி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ராஜா தங்கத் தட்டில் சாப்பிட்டுப் பழகியவன். தட்டை எடுக்க ஆள் வருவான். இலையை அவன் மடித்ததே இல்லை. பக்கத்தில் பார்த்துவிட்டு மடித்தான், ஆனால் வெளிப்பக்கமாக மடித்துவிட்டான்.

பூவாயி பதறிப்போனாள். "ஐயையோ, என்னண்ணே இது! துக்க வீட்டுலல்ல அப்படி மடிப்பாங்க. எங்க உறவே வேணாம்னு போறீங்களா?" என்றபடி குனிந்து, அந்த எச்சில் இலையைத் தன் கையாலேயே விரித்தாள். "இப்படி உங்க பக்கமா மடிங்க. மறுபடி வருவீங்கன்னு நாங்க நெனச்சுக்குவோம்."

ராஜா மடித்தான். கண் நிறைந்துவிட்டது.

அவன் அரண்மனைக்கு வந்து பட்டு உடுத்தி உட்கார்ந்ததும், காவலாள் வந்து சொன்னதைக் கேட்டு, கோதண்டராயர் பூவாயியை இழுத்துவந்து நிறுத்தினார். அவள் பயத்தில் தலையே நிமிரவில்லை.

"தண்டோரா கேட்டாயா?" என்று அதட்டினார் அவர்.

"கேட்டேன் சாமி."

"அசலானுக்குச் சோறு போட்டாயா?"

"அசலாருக்குப் போடலீங்க. எங்க அண்ணனுக்குப் போட்டேன்."

"அண்ணன் பேர் என்ன?"

"அதைக் கேக்கலீங்களே!"

சபை சிரித்தது. "பேர் தெரியாத ஓர் அண்ணனா?"

"பசியோட வந்தவரை நிக்கவச்சுப் பேர் கேட்டுக்கிட்டிருந்தா சோறு ஆறிடாதுங்களா? எங்க வீட்டு இலையைத் தன் பக்கமா மடிச்சிட்டுப் போனாரு. அப்புறம் அவரு எப்படி அசலாரு?"

"மடித்த கை இதுதான்" என்றான் ராஜா.

பூவாயி நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். கோதண்டராயர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாமியைப் பார்த்தீர்களா மகாராஜா?" என்றார் அமைச்சர். விரல் முத்திரை மோதிரத்தைத் தடவியது.

"பார்க்கவில்லை. ஆனால் பந்தியில் பக்கத்திலேயே இருந்தார். எழுந்துவர எனக்கு மனசே இல்லை. மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். அந்தத் தண்டோராவும் இன்றோடு செல்லாது. கோதண்டராயரே, தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் அந்தத் தெருவில் பேர் சொல்லாமல் சோறு கேட்டுச் சாப்பிடும்."

பிறகு பூவாயியிடம், "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

"ஒண்ணும் வேணாம் மகாராஜா."

அந்த 'மகாராஜா' அவனைச் சுட்டது. "மத்தியானம் என்னை வேறு மாதிரி கூப்பிட்டாயே, அம்மா" என்றான். மறுபடி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான் ராஜா. நெஞ்சு மறுபடி காலியானது.

கடைசிப் படியில் அவள் நின்றாள். திரும்பினாள்.

"நாளைக்கு முருங்கைக்கீரை பறிக்கப்போறேன்" என்றாள். "நேரத்தோட வந்துடுங்க... அண்ணே."

"வர்றேம்மா" என்றான் ராஜா.

வாய்வழியாக என்னிடம் வந்த கதை இது. அதற்கப்புறம் மத்தியானத்தில் யார் கதவைத் தட்டினாலும், சோறு போதுமோ போதாதோ என்று எனக்குப் பதற்றம். ஆனாலும் பேர் கேட்பதில்லை.