எண்ணிக்கை மட்டும்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்று இருந்தது. மூவாயிரம் வீடுகள். முதலாளி பெயர் சேர்மத்துரை.

கம்பெனியின் பின்பக்கம் பூட்டிய அறை ஒன்று உண்டு. இன்ன வீட்டின் இணைப்பு விவரம் வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால், அது அந்த அறைக்குத்தான் போகும். அதைப் படித்து, சரிபார்த்து, பதில் எழுதுகிறவர் ஹபீபா. வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் திரவியக்கனி, அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இருபது வருடம் கம்பம் ஏறி லைன் இழுத்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு முதலாளி அவரை மேசைக்கு மாற்றியிருந்தார்.

முதல் நாள் ஹபீபா சொன்னார்.

“அண்ணாச்சி, யாரைப் பத்திக் கடிதம் வருதோ, அந்த ஆளுக்கு அது தெரியவே கூடாது. அது ஒரு விதி. ஆறு மாசத்துக்கு ஒருக்கா, எத்தனை கடிதம் வந்துதுன்னு வாசல்ல தாள் ஒட்டி ஊருக்குச் சொல்லணும். அதுவும் விதி. பேரு கிடையாது. எண்ணிக்கை மட்டும்.”

“சரி மேடம்.”

“வர்ற கடிதம் எல்லாத்தையும் நாம ரெண்டு பேரும் படிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

அதுவரை ஒட்டிய அறிவிப்புகள் எல்லாவற்றிலும் சைபர்தான் இருந்தது. அந்த வருடம் சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. மேட்டுத்தெரு, ஒரு பெண்ணின் பெயர். எதற்காக என்று அதில் இல்லை. இருவரும் படித்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

மாதக் கடைசியில் அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. சேர்மத்துரை அறை வாசலில் வந்து நின்றார்.

“சைபர்னே போட்டுருங்கம்மா. ஒண்ணுன்னு போட்டா ஊரே மிரண்டுரும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரவியக்கனி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணுதானே மேடம். மூவாயிரத்துல ஒண்ணு. அதுக்கும் சைபருக்கும் என்ன வித்தியாசம்? இதை யாரு படிக்கப் போறா?”

ஹபீபா புகார்த் தாள்களைப் புரட்டி ஒன்றை உருவிக் கொடுத்தார்.

“இந்த வீட்டுக்குப் போய் லைனைப் பார்த்துட்டு வாங்க.”

மேட்டுத்தெரு முகவரி, கடிதத்தில் இருந்த அதே பெயர். ‘புகாரின் தன்மை’ என்ற இடத்தில் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது: லைனில் யாரோ இருக்கிறார்கள்.

பகல் பதினொரு மணிக்கே மேட்டுத்தெருவில் மேகம் இறங்கியிருந்தது. எதிர் வீடு தெரியவில்லை. கதவைத் தட்டுமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாரு?”

“லைன் பார்க்க வந்திருக்கேம்மா. கம்பெனியிலேருந்து.”

அன்னபாக்கியம் கதவைத் திறந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பாறைக் குவாரி வெடியால் பள்ளிச் சுவர் விரிந்தது என்று வழக்குப் போட்டவர் அவர்தான். தனியாக இருந்தார். மோடத்தின்மேல் கனத்த துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார். டிவியின்மேல் ஒரு சேலை.

“மெதுவாப் பேசுங்க அண்ணே.”

“ஏம்மா?”

“வாய்தாவுக்கு ஆறேகால் வண்டிக்குப் போறேன்னு எங்க அக்காவுக்கு மட்டுந்தான் போன்ல எழுதினேன். பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வந்து, ‘ஆறேகால் வண்டி இன்னைக்கு லேட்டும்மா’ங்காரு. நான் எந்த வண்டின்னு யாரையும் கேக்கவே இல்லை.”

திரவியக்கனி மோடத்தின்மேல் கிடந்த துண்டை எடுத்தார்.

“போன வாரம் முட்டுவலிக்கு என்ன எண்ணெய் நல்லதுன்னு போன்ல தேடினேன். மறுநாள் கடையில அதே ஆளு. ‘முட்டு இப்போ தேவலையா?’ன்னு சிரிக்காரு. எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். என்னைப் பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். மாத்திரை கொடுத்திருக்காங்க. நான் இன்னும் போடலை.”

மேசையில் மாத்திரை அட்டை உடையாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

திரவியக்கனி மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒயர், இணைப்பு எல்லாம் சரியாக இருந்தன. வெளியே கம்பம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்னபாக்கியம் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணே. இதுல எதாவது இருக்கா? இல்லைன்னா எனக்குத்தான் சீக்குன்னு மாத்திரையைப் போட்டுக்கிடுதேன்.”

திரவியக்கனிக்குப் பூட்டிய அறையில் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது.

“லைன் சுத்தமா இருக்கும்மா.”

“நெசமா?”

“நெசமா.”

அன்னபாக்கியம் தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. அட்டையை உடைத்து, ஒரு மாத்திரையை அவர் கண்முன்னாலேயே விழுங்கினார். பிறகு மேகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உங்க கம்பெனி ஆறு மாசத்துக்கொருக்கா ஒரு தாள் ஒட்டுமே, அதைப் போய்ப் போய்ப் பார்ப்பேன். எப்பவும் சைபர்தான். இந்தத் தடவையும் அதைப் பார்த்துட்டா மனசு அடங்கிரும்.”

திரவியக்கனி நனைந்துகொண்டு திரும்பி வந்தார். ஹபீபா நிமிர்ந்து பார்த்தார்.

“லைன் எப்படி இருக்கு?”

“சுத்தமா இருக்கு மேடம்.”

“அப்படியே சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“பொய்யா அது?”

“இல்லை மேடம். ஒரு சொல்லுகூடப் பொய் இல்லை.” அவர் உட்கார்ந்தார். “அந்தம்மா மாத்திரையைப் போட்டுட்டாங்க.”

ஹபீபா அறிவிப்புத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் ‘ஒன்று’ என்று எழுதினார். எழுத்தாலும் எழுதி, எண்ணாலும் எழுதினார். ஹபீபா கீழே தன் பெயரைப் போட்டு, தானே எடுத்துப்போய் வாசல் கண்ணாடியில் ஒட்டினார்.

முதலாளி ஒரு வாரம் இருவரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரேஷன் கடைக்காரர், உரக்கடைக்காரர், புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, பாதிரியார். எல்லோரும் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரே கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டார்கள்.

“அது நானா?”

எல்லோருக்கும் திரவியக்கனி ஒரே பதில் சொன்னார். “சொல்ல முடியாதுங்க.” போகும்போது ஒவ்வொருவரும் தங்கள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்னபாக்கியமும் வந்தார். உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று தாளைப் படித்தார். விரலை அந்த எண்ணின்மேல் வைத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றும், அடுத்த வாய்தாவில் அவரே எழுந்து நின்று பேசினார் என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஆறு மாதம் போனது. மறுபடியும் அறிவிப்பு எழுதும் நாள். இந்த முறையும் ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது, ஒரு லாரி செட்டுக்காரரைப் பற்றி. திரவியக்கனி தாளை எடுத்தார்.

“ஒண்ணு. சரிதானே மேடம்?”

அறைக்கு வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்துபோகும் சத்தம் கேட்டது.

“மேடம், ஒண்ணுதானே?”

“இல்லை.”

“நான் ஒண்ணுதானே பார்த்தேன்?”

“ஆமா.”

“எல்லாக் கடிதத்தையும் ரெண்டு பேரும் பார்க்கணும்னு முதல் நாளே சொன்னீங்களே. நான் பார்க்காத கடிதம் எப்படி மேடம் இருக்கும்? யாரைப் பத்தினது?”

ஹபீபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹபீபாவின் கண் கலங்கியதைத் திரவியக்கனி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். கையிலிருந்த பேனா தாளில் ஒரு புள்ளி வைத்து அப்படியே நின்றது.

“ரெண்டுன்னு எழுதுங்க, அண்ணாச்சி.”