பூனையின் மோவாயும் பூபதியின் மோவாயும்

முன்னொரு காலத்தில் வெண்கொன்றை நாட்டை இடும்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டது அவன் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் ஆண்டது அவனுடைய அன்றைய மனநிலைதான். காலையில் யானை வேண்டும் என்பான். யானை வந்து நின்றதும், இதை யார் இங்கே கொண்டுவந்தது என்று சீறுவான். ஒரே ஒரு ஜீவனிடம் மட்டும் அவன் மனம் மாறியதே இல்லை. அது முத்துநகை என்ற வெள்ளைப் பூனை. கொலுமண்டபத்தில் அது ராஜாவின் மடியில் தூங்கும்; அது தூங்கும்போது மந்திரிகள் இருமக்கூடாது.

அந்தச் சபையில் வாகீசப் பூபதி என்றொரு பிரபு இருந்தார். ராஜாவைப் புகழ்வதைத் தவிர வேறு வேலை அவருக்கு இல்லை. அமைச்சர் அறவாழியின் பேச்சு ராஜாவின் காதில் ஏறுகிறதே என்பதைத் தவிர வேறு கவலையும் இல்லை. அமைச்சரை முந்துவதற்காக அவர் பூனைக்கு ஒரு சந்தனக் கிண்ணம் செய்து கொடுத்தார். மயிலும் கொடியுமாக இண்டு இடுக்கெல்லாம் செதுக்கிய கிண்ணம். நல்ல ஆழம் வேறு. மோவாய் முழுவதும் உள்ளே போனால்தான் பூனைக்கு அடியில் கிடக்கும், நெய்யில் பொரித்த மீன் எட்டும். கிண்ணத்தைக் கழுவினால் அதிலுள்ள மங்கலமும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று பூபதி சொல்லிவைத்தார். கழுவுகிறவர் கை வெட்டப்படும் என்று ராஜா உடனே ஆணையிட்டான்.

கொஞ்ச காலத்தில் முத்துநகையின் வெள்ளை மோவாயில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வந்தன. பூனையைப் பார்த்துக்கொள்ளும் பொன்னரும்பு, துடைத்தும் போகவில்லையே என்று பயந்துபோய் சபையில் வந்து சொன்னாள். பூபதி குனிந்து பார்த்துவிட்டு, இது அழுக்கல்ல, தாடி முளைக்கிறது, ராஜாவின் மடியில் இருந்து இருந்து பூனைக்கு ஞானம் வந்துவிட்டது என்றார். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பாதிச் சபை மோவாயில் மைப்பொட்டு வைத்துக்கொண்டு வந்தது.

பிறகு புள்ளிகள் சிவந்து வீங்கின. ஞானம் பழுக்கிறது என்று சொல்லி, பூபதியே நகத்தால் ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தார். பூனை அவர் மூக்கைப் பிறாண்டியது. பிதுக்கிய இடம் புண்ணாகிச் சீழ் கோத்தது. முத்துநகை சாப்பாட்டை விட்டது, ராஜாவின் மடியையும் விட்டது.

ராஜா கொதித்தான். உடனே பூபதி கையைப் பொன்னரும்பின் பக்கம் நீட்டினார். இவள் மீனில் எதையோ கலந்திருக்கிறாள் என்றார். அவள் அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். யாரும் கேட்கவில்லை. சிறையில் அடையுங்கள், பௌர்ணமிக்குள் பூனை தேறாவிட்டால் நாடு கடத்துங்கள் என்று ராஜா உத்தரவிட்டான்.

அமைச்சர் அறவாழி எழுந்து, தான் வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னார். கிண்ணத்தின் விளிம்பில் விரல் வைத்தபோதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய நெய்ப்பிசுக்கு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதைச் சொன்னால் ராஜாவின் ஆணையைத் தப்பென்று சொன்னதாகும். எனவே அவர் வேறு மாதிரி பேசினார்.

"அரசே, நோயாளி இந்த மங்கலக் கிண்ணத்தைத் தொடக்கூடாது. ஆனால் கிண்ணமும் பட்டினி கிடக்கக்கூடாது. இதைத் தந்த பெருமைக்குரிய பூபதியே தினமும் இதில் உண்ணட்டும். பூனை உண்பதுபோலவே, கை படாமல், மோவாய் படிய."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். பூபதிக்கு முகம் வெளுத்தது. மாட்டேன் என்றால் கிண்ணம் அசுத்தம் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். "என் பாக்கியம்" என்றார், தொண்டைக்குள்.

அன்றிலிருந்து சபை நடுவே பூபதி மண்டியிட்டு நெய்மீன் தின்றார். வாயைத் துடைத்தால் மங்கலம் போய்விடும் என்று அமைச்சர் பணிவாக நினைவூட்டினார்.

பூனைக்கோ அறவாழி ஆழமில்லாத, வழவழப்பான வெள்ளித் தட்டு வைத்தார். ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவிய தட்டு. மெல்லிய துணியை இளஞ்சூடான உப்புநீரில் நனைத்து மோவாயில் ஒற்றியெடுப்பார். எதையும் கிள்ளவில்லை, பிதுக்கவில்லை. தின்று முடித்ததும் மோவாயைத் துடைத்து ஈரம் போக்கிவிடுவார். வீக்கம் வடிந்தது, புண் ஆறியது, புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பௌர்ணமியன்று பூனை துள்ளி ராஜாவின் மடியில் ஏறியது. அதன் மோவாய் பால்போல இருந்தது. பூபதி சால்வையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். ராஜா சால்வையை எடுக்கச் சொன்னான். மோவாய் முழுக்கக் கரும்புள்ளி, நடுவில் இரண்டு கொப்புளம்.

"பூபதியாருக்கு ஞானம் வந்துவிட்டது, அரசே. பிதுக்கிப் பார்க்கலாமா?" என்றார் அறவாழி.

சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. ராஜா மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டான்.

"கிண்ணத்தைக் குறை சொன்னால் பூபதிக்குக் கோபம் வரும். கழுவச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். யார் கோபத்துக்கும் பயப்படாதது பூனை ஒன்றுதான். அதுவும் சாப்பாட்டை விட்டுச் சொல்லிப் பார்த்தது. அதற்குப் பொன்னரும்பைத்தான் சிறையில் போட்டீர்கள்."

ராஜா மடியிலிருந்த பூனையின் மோவாயைத் தடவிப் பார்த்தான். பிறகு பொன்னரும்பை விடுவிக்கச் சொன்னான். அவள் வந்ததும் சபையறியத் தன் தவறு என்றான். அந்த வாய் அப்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கழுவக்கூடாதென்ற ஆணையை நீக்கினான். அறவாழிக்கு முத்துமாலை கொடுத்தான். இனி முத்துநகையின் தட்டை வேளாவேளைக்குப் பூபதியே கழுவவேண்டும், சரியாகக் கழுவியிருக்கிறதா என்று பொன்னரும்பு பார்க்கவேண்டும் என்றும் உத்தரவிட்டான்.

மறுநாள் காலை பூபதி பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தட்டைத் தேய்த்துக் கொண்டுவந்து நீட்டினார். பொன்னரும்பு அதை வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பில் மெதுவாக ஒரு விரலை ஓட்டினாள்.

"இன்னும் பிசுக்கு இருக்குங்க, ஐயா" என்று திருப்பிக் கொடுத்தாள்.